பெரியம்மா வீட்டுச் சந்து

எங்கள் வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் நடுவே நான்கடி அகலத்தில் ஒரு சந்து இருந்தது. பவானியில் காவிரியை நோக்கி இறங்குகிற தெரு ஒன்றில் எங்கள் வீடு ஆற்றுக்குச் சற்று நெருக்கத்திலும், பெரியம்மா வீடு அதற்குப் பின்னால் ஒரு சிறு குழிவிலும் இருக்கின்றன. சந்தின் தரையில் தாத்தா காலத்திலேயே கருங்கல் பலகைகளை ஆற்றுப் பக்கமாகச் சரித்துப் பதித்திருந்தார்கள். சிறுவயதில் அது எங்களுக்கு ஓடிப் பிடித்து விளையாடும் இடம். பெரியவர்களுக்கு விறகும் பழைய தறிக் கட்டைகளும் போட்டு வைக்கும் இடம். பத்திரத்தின்படி அந்த நான்கடியும் எங்களுடையது. 2019-இல் வீட்டைச் சீரமைத்தபோது அதை மண் கொட்டி நிரப்பி, கோடியில் ஆறடி உயரத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினேன். யாரும் தடுக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்டில், அந்தச் சுவர் காரணமாகப் பெரியம்மா வீட்டின் வடக்குச் சுவர் விழுந்தது.

ஆற்றோரத்தில் வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் என்னிடம் வந்து, தரையை எத்தனை அடி உயர்த்தலாம், எந்தச் சிமெண்டு நல்லது, எந்த ஓடு பதிக்கலாம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்தச் சந்தின் கதையைத்தான். இங்கே அதை முழுமையாகவே எழுதிவிடுகிறேன்.

கொங்கு நாடு மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழையைப் பார்த்தே பழகிய எங்களுக்கு வெள்ளம் என்பது கடலோர மாவட்டத்துச் செய்தியாகவே மனத்தில் பதிந்திருக்கிறது. ஆனால் எங்கள் தெருவுக்குள் வரும் தண்ணீர் எங்கள் ஊரில் பெய்த மழையன்று. அது குடகிலும் வயநாட்டிலும் பெய்து, கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பி, மேட்டூரின் 120 அடியும் எட்டப்பட்ட பிறகு, 16 கண் மதகு வழியாகத் திறந்துவிடப்படுவது. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டைக் கதவணைகளைக் கடந்து அது எங்களிடம் வரும்போது இங்கே வானத்தில் ஒரு மேகம்கூட இராது. துணி காய்கிற வெயிலில், ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கேட்டுக்கொண்டே, வாசற்படியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி தண்ணீர் வந்தது. ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்றுக் கூடுதல்; அப்படியானால் ஒவ்வொரு விநாடியும் 56 லட்சம் லிட்டருக்கு மேல். அதோடு கூடுதுறையில் பவானி ஆறும் வந்து சேர்கிறது. காவிரி நிரம்பிப் போகும்போது பவானித் தண்ணீர் உள்ளே நுழைய இடமின்றித் தயங்கி நிற்கும். அந்தத் தயக்கம் இரண்டு கரைகளிலும் உள்ள தெருக்களுக்குள் பரவும். எதிர்க்கரையில் குமாரபாளையத்துக்கும், சற்றுக் கீழே பள்ளிபாளையத்துக்கும் இதே நிலைதான்.

1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் மேட்டூர் அணைக்கு முந்தையது. அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட பிறகு, இனி ஆறு நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று கரையோர ஊர்கள் நம்பத் தொடங்கின. அணை நிரம்பாத ஆண்டுகளில் அந்த நம்பிக்கை மெய்யாகவும் இருந்தது. தண்ணீர் வராத பத்து ஆண்டுகளில் படித்துறையையொட்டி ஒரு அறை முளைக்கும். அடுத்த பத்து ஆண்டுகளில் அதன்மேல் ஒரு மாடி ஏறும். ஆடிப் பதினெட்டுக்கு முளைப்பாரி எடுத்துக்கொண்டு, ஆறு பெருகட்டும் என்று வேண்டிக் கும்பிடுகிற நாங்கள், அது பெருகினால் எங்கே வந்து நிற்கும் என்பதை மறந்தே வீடு கட்டியிருக்கிறோம்.

தாத்தா மறக்கவில்லை என்பது அவர் கட்டிய வீட்டைப் பார்த்தாலே தெரியும். தெருவிலிருந்து மூன்று படி ஏறினால் திண்ணை, திண்ணையிலிருந்து இன்னொரு படி ஏறினால் ஆசாரம் என்கிற கூடம். கடக்கால், அதாவது அஸ்திவாரம், முழுக்கக் கருங்கல். சுவர் செங்கல், பூச்சு சுண்ணாம்புக் காரை. தரை கற்பலகை. சமையலறைக்கு மேல் ஓர் ஆள் தவழ்ந்து போகக்கூடிய அட்டாலி. அரிசியும் பருப்பும் பத்திரங்களும் கல்யாணப் பாத்திரங்களும் ஆடி மாதம் பிறந்ததும் அங்கே ஏறிவிடும். ஆடியில் அட்டாலியைத் துடைத்து வைப்பதை அப்பத்தா நோன்பைப் போலவே செய்துவந்தார். அந்த வீட்டுக்குள் தண்ணீர் வராது என்று தாத்தா எண்ணவில்லை. வந்தால் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகும், போன பிறகு கழுவிவிட்டால் வீடு பழையபடி இருக்க வேண்டும் என்பதே அவருடைய கணக்கு. கல்லும் சுண்ணாம்பும் நனைந்து உலரக்கூடியவை. நனைந்தால் கெட்டுப்போகிற எதையும் அவர் இடுப்பு உயரத்துக்குக் கீழே வைக்கவில்லை.

2018-இல் ஆசாரத்துக்குள் ஓர் அடி தண்ணீர் வந்து இரண்டு நாள் நின்றது. உண்மையில் அந்த வீடு அதைத் தாங்கிக்கொண்டது. ஆனால் நான் பயந்துவிட்டேன். சிறிய குழந்தையை வைத்துக்கொண்டு, வண்டல் படிந்த தரையை நாள் முழுதும் கழுவிய பிறகு, இனி ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரக்கூடாது என்று முடிவு செய்தேன். மறு ஆண்டு கடன் வாங்கி வேலையைத் தொடங்கினோம். முன்பக்கத் தரை முழுவதையும் கிராவல் கொட்டி ஒன்றரை அடி உயர்த்தி, மேலே பளபளப்பான ஓடு பதித்தோம். பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டு பூசினோம். பிளைவுட்டில் அலமாரிகள் செய்தோம். வாசலில் மண் தெரியாமல் பேவர் கல் பாவினோம். சந்தை நிரப்பி, சுற்றுச்சுவர் எழுப்பினோம். பின்கட்டில் உள்ள சமையலறையும் கழிப்பறையும் மட்டும் ஓட்டுக் கூரை தாழ்வாக இருந்ததால் பழைய மட்டத்திலேயே தங்கிவிட்டன.

2022-இல் ஏறத்தாழ அதே உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. எங்கள் ஆசாரம் நனையவில்லை. ஒன்றரை அடி உயர்த்தியது பலித்துவிட்டது என்று அன்றிரவு மொட்டை மாடியில் உட்கார்ந்து மனைவியிடம் நிம்மதியாகப் பேசியது நினைவிருக்கிறது. பின்கட்டில் மட்டும் ஓர் அடித் தண்ணீர். அது கதவு வழியாகக்கூட வரவில்லை; முதலில் கழிப்பறைப் பீங்கான் வழியாகத்தான் மேலே வந்தது. பெரியம்மா பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தார். மூன்றாம் நாள் ஆறு இறங்கியது, எங்கள் வாசலும் தெருவும் தெரிந்தன. பெரியம்மா வீட்டுக்குள் மட்டும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் அப்படியே நின்றது. நான்காம் நாளும் நின்றது. மோட்டார் வாடகைக்கு எடுத்து இறைத்து முடித்த மறுநாள், வெயில் சுள்ளென்று அடித்த பகல் நேரத்தில், வடக்குச் சுவர் நடுவில் வயிறு தள்ளி, பிறகு மொத்தமாக அமர்ந்தது.

பெரியம்மாவின் கணவர் ஜமக்காள நெசவாளி. விழுந்த சுவரை ஒட்டித்தான் குழித்தறி இருந்தது. குழித்தறி என்பது நெசவாளர் காலை இறக்கி உட்கார்ந்து மிதிப்பதற்காகத் தரையில் தோண்டிய குழியின்மேல் அமைந்த தறி. ஆறு பெருகும்போது தெருவில் தண்ணீர் தென்படுவதற்கு முன்பே, அடிமண் வழியாக ஊறி அந்தக் குழி நிறைந்துவிடும். எங்கள் தெருவில் வெள்ளத்தை முதலில் அறிவது தறிக்காரர் வீடுகள்தான். அந்தக் குழி நான்கு நாள் நிரம்பி நின்றதில் அதன் ஓரத்துக் கடக்கால் மண் முழுக்க இளகியிருந்தது. சுவர், செம்மண் சாந்தில் கட்டியது. இரண்டு நாள் நனைந்தால் தாங்கியிருக்கும். 2018-இல் தாங்கியது, 2005-இல் தாங்கியது. நான்கு நாள் ஊறியதைத்தான் தாங்கவில்லை.

இடிந்த சுவரைப் பார்க்க வந்த மேஸ்திரி வயதானவர், இந்தக் கரையில் ஐம்பது ஆண்டுகளாக வேலை செய்தவர். சுவரைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எங்கள் பக்கம் வந்து, சந்து இருந்த இடத்தில் நின்றார். “வர்ற தண்ணியப் பத்தித்தானுங்க எல்லாரும் கேக்கறாங்க. போற தண்ணிக்கு வழி எங்கீங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்லீங்க” என்றார். என்னைக் குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த நிமிடத்தில்தான் அந்தக் கருங்கல் பலகைகள் ஏன் சரிவாகப் பதிக்கப்பட்டிருந்தன என்பது எனக்குப் புரிந்தது. பெரியம்மா வீடு இருக்கும் குழிவுக்கு அந்தச் சந்துதான் ஒரே வாய்க்கால். என் சுவர் வெள்ளத்தின் உயரத்தை ஓர் அங்குலம்கூடக் கூட்டியிருக்காது. காவிரி அளவு நீர் வரும்போது ஒரு சுவர் பெரிதில்லை. ஆனால் ஆறு இறங்கிய பிறகு, வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழியை அது அடைத்துவிட்டது.

பெரியம்மாவிடம் சொன்னேன். என் கையால்தான் நடந்தது என்று சொன்னேன். “செவுரு போனாப் போகுது கண்ணு, ஆளுக இல்லாதப்பத்தானே விழுந்துச்சு” என்றார் அவர். அந்தப் பெருந்தன்மை இன்றும் என்னை நெருடிக்கொண்டே இருக்கிறது. பத்திரத்தின்படி பார்த்தால் நான் செய்ததில் பிழையில்லை; என் பட்டா நிலத்தில், என் செலவில், என் சுவர். வீடு கட்டும் உரிமையைப் பற்றி நம் ஆவணங்கள் எல்லைக்கல் வரைதான் பேசுகின்றன. சரிவு எல்லைக்கல்லோடு நிற்பதில்லை.

அந்த ஆண்டு கார்த்திகைக்குள் சுற்றுச்சுவரை இடித்தோம். நிரப்பிய மண்ணை அள்ளியபோது கற்பலகைகள் அப்படியே கிடைத்தன. இரண்டு மட்டும் உடைந்திருந்தன. இப்போது சந்தின் கோடியில் முழங்கால் உயரத்துக்குக் கீழே வெறும் கம்பி வலை, அதற்கு மேல் கம்பி கிராதி. வெள்ளத்தில் அடித்துவரும் குப்பை வலையில் சிக்கி மறுபடியும் அணை போட்டுவிடும் என்பதால், வலையைக் கழற்றி எடுக்கும்படியாகக் கொக்கியில் மாட்டியிருக்கிறோம். வாசலில் பேவர் கல்லைப் பாதிக்குமேல் பெயர்த்து, மண்ணும் புல்லும் இருக்கும்படி விட்டோம். பெரியம்மா வீட்டுச் சுவரைச் சிமெண்டுச் சாந்தில் செங்கல்லால் கட்டினோம். கடக்கால் கருங்கல், தரைமட்டத்தில் கம்பி போட்ட காங்கிரீட் பெல்ட், அதிலிருந்து கதவு, சன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்துக்கு மூலைகளில் நிமிர்ந்த கம்பி. தறிக்குழியின் பக்கங்களைக் கல் வைத்துக் கட்டி, கடக்காலிலிருந்து மூன்றடி தள்ளி வைத்தோம்.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஆசாரம் நனையவில்லை என்றாலும், அதன் சுவர்கள் வெளிப்புறத்தில் மூன்று நாள் தண்ணீரில் நின்றவை. பழைய செங்கல் நீரை உறிஞ்சிக்கொண்டது. முன்பு சுண்ணாம்புக் காரை இருந்தவரை அந்த ஈரம் பூச்சின் வழியாகவே மூச்சுவிட்டு வெளியேறியிருக்கும். நான் இரண்டு பக்கமும் சிமெண்டு பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்டு அடித்திருந்தேன். ஓதம் வெளியேற வழியின்றி மேல்நோக்கி ஏறியது. ஓர் அடி உயரம் நனைந்த சுவரில் நான்கடி வரை கறை. பிறகு உப்புப் பூத்தது. பெயிண்டு கொப்புளித்து உதிர்ந்தது, சுரண்டிவிட்டு மறுபடி அடித்தேன், மறுபடி உதிர்ந்தது. அடுத்த பங்குனி வெயில் வரை அந்தச் சுவர் உலரவில்லை. நனைந்த சுவருக்கு அவசரமாகப் பெயிண்டு அடிப்பது புண்ணை மூடிப் பிளாஸ்திரி ஒட்டுவதைப் போன்றது. ஓடுகளுக்குக் கீழே இருந்த கிராவலும் நனைந்து அங்கங்கே அமர்ந்ததில், தட்டினால் ஓடுகள் டொக்கு டொக்கென்று கூடு சத்தம் எழுப்பின.

கடைசியில் நான்கடி உயரத்துக்குச் சிமெண்டுப் பூச்சு முழுவதையும் உரித்தோம். செங்கல்லை ஒரு கோடை முழுக்க வெற்றுடம்பாகக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்புக் காரை பூசினோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். தேடிப் பிடித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்து, நாள்கணக்கில் புளிக்கவைத்து அரைக்க வேண்டியிருந்தது. பொறுமை கேட்கிற வேலைதான். ஆனால் அந்தப் பூச்சு நனைந்தாலும் தானாக உலர்கிறது. பழைய செங்கல், செம்மண் சாந்துச் சுவர்களுக்குச் சிமெண்டைவிட அதுவே பொருந்தும் என்பதை இப்போது நான் உறுதியாகவே சொல்வேன். புதிதாகக் காங்கிரீட் தூண் போட்டுக் கட்டுகிற வீட்டுக்கு இதே அறிவுரை பொருந்தாது.

சமையலறையை உயர்த்தாமல், நனையட்டும் என்றே விட்டுவிட்டோம். பிளைவுட் அலமாரி உப்பிப் பிரிந்துவிட்டது. அதற்குப் பதில் கடப்பாக் கல் தட்டுகள். குளிர்சாதனப் பெட்டிக்கு இரண்டடி உயர மேடை. சிலிண்டரைச் சுவரோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டும்படி ஒரு கொக்கி, ஏனென்றால் காலிச் சிலிண்டர் மிதக்கும்; மிதந்தால் குழாயைப் பிய்த்துக்கொண்டு போகும். பிளக் பாயிண்டுகள் எல்லாம் நாலரை அடி உயரத்துக்கு மேல். வயர் கீழிருந்து ஏறாமல் கூரையிலிருந்து இறங்குகிறது. பின்கட்டுக்குத் தனி சர்க்யூட், அதற்கென்று தனி சுவிட்ச், கசிவு ஏற்பட்டால் தானாக அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. மீட்டர் பெட்டியையும் விண்ணப்பித்து உயர்த்தினோம். தண்ணீர் சூழ்ந்த பிறகு மெயினை அணைப்பதற்காக யாரும் தண்ணீருக்குள் நடக்கும் நிலை வரக்கூடாது. படி ஏறும் இடத்திலேயே அது கைக்கு எட்ட வேண்டும்.

கழிப்பறைக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையில் ஒரு சேம்பர் கட்டி, கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்தினோம். செலவு குறைவு, பலன் பெரிது. ஆண்டுக்கு ஒருமுறை திறந்து கழுவாவிட்டால் அது வேலை செய்யாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தரைத்தொட்டி விஷயத்தில் பலர் செய்யும் தவறு, வெள்ள எச்சரிக்கை வந்ததும் அதைக் காலி செய்து மூடிவைப்பது. சுற்றிலும் மண் நீரால் நிறைந்திருக்கும்போது காலித் தொட்டி ஒரு படகுதான். 10,000 லிட்டர் தொட்டியை நீர் மேல்நோக்கித் தள்ளும் விசை 10 டன்னுக்குக் குறையாது; தரை பிளந்து தொட்டி எழும்பிவிடும். எச்சரிக்கை வந்தால் அதை நல்ல தண்ணீரால் முழுக்க நிரப்பி, மூடியை இறுக்கிவிட வேண்டும்.

இதே கணக்கு சுவருக்கும் உண்டு. கதவிடுக்குகளில் மணல் மூட்டை அடுக்கி, வெளியே மூன்றடித் தண்ணீரும் உள்ளே வெறுந்தரையுமாக வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தின்மீதும் ஏறத்தாழ 127 கிலோ அழுத்தம் விழுகிறது. ஆறடித் தண்ணீர் என்றால் அது இரு மடங்காகாது. நான்கு மடங்காகி 500 கிலோவைத் தாண்டும். பத்தடிச் சுவருக்கு ஐந்து டன். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டப்பட்டது. பக்கவாட்டில் வரும் அத்தகைய தள்ளலுக்கு அன்று. ஓர் அடித் தண்ணீர் என்றால் தடுத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் வந்தால் கதவைத் திறந்து உள்ளேயும் விட்டுவிடுவதே வீட்டைக் காப்பாற்றும். இரண்டு பக்கமும் ஒரே மட்டம் இருந்தால் சுவர்மீது தள்ளல் இல்லை. தாத்தா தன் கதவுகளுக்குக் கீழே ஏன் கல்வாசல் வைத்து, அதில் சிறு துளையும் விட்டிருந்தார் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிடலாமே என்று இப்போது பலர் கேட்கிறார்கள். ஹரியானாவிலிருந்து வந்த குழுக்கள் தமிழ்நாட்டில் பல இடங்களில் இதைச் செய்கின்றன. சிமெண்டுச் சாந்தில் உறுதியாகக் கட்டிய, கீழே காங்கிரீட் பெல்ட் உள்ள வீட்டுக்கு அது நடைமுறைக்கு ஒத்துவரும். செம்மண் சாந்துச் சுவரை அப்படித் தூக்குவதற்கு நான் உடன்பட மாட்டேன். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஒரு தெருவில் ஒருவர் மூன்றடி தூக்கினால், தார் போடும்போது சாலையும் அரையடி உயர்கிறது. பிறகு தூக்க முடியாதவர்களின் வீடுகள் தெருவின் தொட்டிகளாகிவிடுகின்றன. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதுச் சாலை போடும்படி வார்டு கூட்டத்தில் கேட்பது, என் பார்வையில், வீட்டைத் தூக்குவதற்கு முந்தைய வேலை.

ஆறு மட்டுமே வெள்ளம் தருவதில்லை. எங்கள் பக்கத்தில் ‘பள்ளம்’ என்று சொல்கிற ஓடைகள் ஆண்டில் பதினொரு மாதம் காய்ந்து கிடப்பவை. வெள்ளியங்கிரியில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிற நொய்யலுக்கு இருபுறமிருந்தும் இப்படிப்பட்ட பள்ளங்கள் வந்து சேர்கின்றன. திருப்பூரில் 2011 நவம்பரில் ஓரிரவு மழையில் ஜம்மனை ஓடை பெருகி, கரையோர வீடுகளை ஆட்களோடு கொண்டுபோனது. ஆற்று வெள்ளத்துக்கு மேட்டூரிலிருந்து தகவல் வரும், சில மணி நேரமாவது கிடைக்கும். பள்ளத்து வெள்ளத்துக்கு அந்த அவகாசமும் இல்லை. அங்கே வேகமே முதல் எதிரி. கடக்காலுக்கு அடியில் இருக்கும் மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். அந்த இடத்தில் எந்தக் கட்டுமான நுட்பமும் போதாது. தள்ளிக் கட்டுவது ஒன்றே வழி.

மனை வாங்குகிறவர்களுக்கு இதில் செய்யக்கூடியது உண்டு. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை தரும் டி.டி.சி.பி. அனுமதி எண்ணைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடமான புலப்படத்தையும், சுற்றியுள்ள எண்கள் எந்த வகை நிலம் என்று காட்டும் ‘அ’ பதிவேட்டையும் இணையத்திலேயே எடுத்துப் பார்க்கலாம். பக்கத்து எண் ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால், வண்டிப்பாதை என்று பதிவாகியிருந்தால், கிராம வரைபடத்தில் அந்தக் கோடு எங்கிருந்து எங்கே போகிறது என்று விரலால் தொடர்ந்து செல்லுங்கள். மனைப்பிரிவுக்குள் வந்ததும் கோடு மறைந்துபோனால், மறைந்தது வரைபடத்தில் மட்டுமே. ஆடு மேய்ப்பவர்களிடமும் கேளுங்கள். எந்த நிலத்தில் மழைக்குத் தண்ணீர் கட்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

சுற்றுச்சுவரைப் பற்றி எழுதும்போது மேட்டுப்பாளையம் நடூரை எழுதாமல் இருக்க முடியாது. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஊறிய உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று தாழ்வில் இருந்த வீடுகளின்மீது சரிந்து, உறக்கத்தில் இருந்த 17 பேர் இறந்தார்கள். நான் சந்தை அடைத்து என் சுவரை எழுப்பிய அதே ஆண்டு. மேட்டு நிலத்தைத் தாங்கி நிற்கிற எந்தச் சுவருக்கும் பின்னால் சரளையும், சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகளும் இருந்தாக வேண்டும். அவை இல்லாவிட்டால் மண்ணின் பாரத்தோடு தண்ணீரின் பாரத்தையும் சுவர் சேர்த்துச் சுமக்கிறது. தாழ்வில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் சுவரின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

ஓடைக்கரையில் குடிசை போட்டவர்களைப் பார்த்து, ஏன் அங்கே கட்டினீர்கள் என்று கேட்பது எளிது. சாயப்பட்டறைக்கும் பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் நடந்து போகக்கூடிய தூரத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். கோவையில் குளக்கரைகளிலிருந்தும் பள்ளக்கரைகளிலிருந்தும் எடுக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கீரணத்தத்திலும் வெள்ளலூரிலும் அடுக்குமாடி வீடுகள் கொடுக்கப்பட்டன. தலைக்கு மேல் நல்ல கூரை. ஆனால் வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் இரண்டு பேருந்து மாற வேண்டிய தூரம். வெள்ளத்திலிருந்து ஒருவரைக் காப்பதென்றால் அவர் பிழைப்பையும் அவரோடு சேர்த்து எடுத்துப்போக வேண்டும். பட்டா உள்ள நிலத்தில், கடன் கிடைக்கும் நிலையில், மேஸ்திரியை வைத்து யோசித்துக் கட்டும் வசதியுள்ள நான் செய்த பிழையை அவர்களுடைய நெருக்கடியோடு ஒன்றாக வைத்துப் பேச எனக்கு மனமில்லை.

2024 ஜூலை 30-ஆம் தேதி மேட்டூர் மறுபடியும் 120 அடியை எட்டியது. நீர்திறப்பு படிப்படியாக ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியதும் ஒலிபெருக்கி வந்தது. பெரியம்மாவின் அரிசி மூட்டையையும் பாவு நூலையும் எங்கள் மாடிக்கு ஏற்றினோம்; தரைத்தொட்டியை நிரப்பினோம்; சந்தின் கம்பி வலையைக் கழற்றி எடுத்தோம். தறிக்குழியில் ஊற்று வந்தது. தெருவின் கடைசியில் தண்ணீர் ஏறி, சந்தின் கற்பலகைகள்மேல் முழங்கால் அளவுக்கு வந்து நின்றது. ஆறு இறங்கிய அன்றே, மாலைக்குள், பெரியம்மா வீட்டுப் பக்கத்திலிருந்து அந்தக் கற்கள் வழியாகவே சலசலவென்று இறங்கிப் போனது. பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் எங்களுக்குக் கீழே, ஆற்றை ஒட்டிய வீட்டுக்காரர் வாசலில் நான்கு லோடு கிராவல் வந்து இறங்கியது. தரையை இரண்டடி உயர்த்தப்போகிறார். எங்கள் சந்தின் தண்ணீர் அவர் வீட்டுப் பக்கவாட்டில்தான் இறங்கி ஆற்றைச் சேர வேண்டும். நான் போய், உயர்த்த வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியம்மா வீட்டுச் சுவரைப் பற்றிச் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்ப எங்கெங்க எவ்வளவு வாட்டம்னு அளந்தே பாத்துரலாமுங்க” என்றார். மேஸ்திரியை அழைத்தோம். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலின் ஒரு முனையைப் பெரியம்மா வீட்டு வாசற்படியில் பெரியம்மாவின் பேத்தி பிடித்துக்கொண்டாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூவரும் ஒவ்வொரு கல்லாகச் சந்தில் இறங்கி, கீழ்வீட்டுக்காரர் வாசலைத் தாண்டி, ஆற்றுப் படித்துறை வரை சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே போனோம்.